மனச்சோர்வு மாத்திரையும் தாம்பத்தியமும்: மலையக ஆண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளினிக் நாளில் டொக்டர் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விதான். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, வேலைக்குப் போகிறீர்களா. மாத்திரைக்கு வந்தவர்கள் மூன்றுக்கும் “பரவாயில்ல சேர்” என்று சொல்லிவிட்டு, மாத்திரை உறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹட்டன் பஸ்ஸையோ வெலிமடை பஸ்ஸையோ பிடித்துவிடுவார்கள். கட்டிலைப் பற்றிய நான்காவது கேள்வியை டொக்டரும் கேட்பதில்லை, வந்தவரும் வாயைத் திறப்பதில்லை.

இது மலைநாட்டுக் கூச்சம் மட்டுமல்ல. ஸ்பெயினில் 1997இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு மாத்திரை பாவித்த 344 பேரில் பாலியல் குறைபாட்டைத் தாமாகவே சொன்னவர்கள் 14 சதவீதம். டொக்டர் நேராகக் கேட்டபோது அது 58 சதவீதமாகிவிட்டது. அப்படியென்றால் நூற்றுக்கு 44 பேர் கேட்கும்வரை மூடி வைத்திருந்தார்கள். இப்படி மூடி வைப்பவர்களில் பலர் ஒரு கட்டத்தில் மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே மற்றதையெல்லாம் வாசிக்கும் முன்னர் ஒன்று: இன்று இரவு குடிக்க வேண்டிய மாத்திரையைக் குடியுங்கள். இந்தப் பிரச்சினைக்கு வழிகள் இருக்கின்றன. அவை எல்லாமே மாத்திரை தொடர்ந்து போகும்போது, டொக்டருக்குத் தெரிந்து செய்யப்படுபவை.

படி 1: குற்றவாளி யார் என்று பாருங்கள்

மனச்சோர்வே ஆசையைத் தின்றுவிடும். எதிலும் பிடிப்பில்லை, உடம்பு கனக்கிறது, மனைவி பக்கத்தில் வந்தாலும் ஒன்றும் தோன்றவில்லை என்பது நோயின் முகம். அதனால் மாத்திரையைக் குற்றம் சாட்டும் முன்னர் மூன்று காலங்களைப் பிரித்து நினைத்துப் பாருங்கள். நோய் வருவதற்கு முன்னர் எப்படி இருந்தது? நோய் வந்து, மாத்திரை தொடங்காத அந்த வாரங்களில் எப்படி இருந்தது? மாத்திரை தொடங்கிய பிறகு என்ன மாறியது?

இரண்டாவது காலத்திலேயே ஆசை போய்விட்டது என்றால், மாத்திரை நோயைக் குணமாக்கும்போது அது திரும்பி வரவும் கூடும். ஆசை இருந்தது, விறைப்பும் இருந்தது, மாத்திரை தொடங்கி ஓரிரு வாரத்தில் விந்து வர மிகவும் தாமதமாகிறது அல்லது வரவே இல்லை என்றால், அது அநேகமாக மாத்திரையின் வேலைதான். மனநிலையில் நல்ல மாற்றம் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும், பக்கவிளைவோ முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். நன்மை கண்ணில் படாமல் தீமை மட்டும் தெரியும் இந்த வாரங்களில்தான் பலர் மாத்திரையை அடுப்பில் போடுகிறார்கள்.

ஏன் இப்படி? இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை மூளையிலும் நரம்புகளிலும் செரடோனின் என்ற இரசாயனத்தின் வேலையைக் கூட்டுகின்றன. மனம் தெளிவதற்கு உதவும் அதே செரடோனின், உச்சத்துக்குப் போகும் நரம்புப் பாதையில் பிரேக் போடுகிறது. ஆசையைத் தூண்டும் டோபமினையும் சற்று அடக்குகிறது. இதற்கு நல்ல சான்று, விந்து சீக்கிரம் வெளியேறும் ஆண்களுக்கு டொக்டர்மார் வேண்டுமென்றே இதே வகை மாத்திரையைக் கொடுப்பதுதான். பரொக்செடின் அப்படிப் பாவிக்கப்படுகிறது, டபொக்செடின் என்ற மாத்திரை அதற்காகவே செய்யப்பட்டது. ஒருவருக்குப் பக்கவிளைவாக இருப்பது இன்னொருவருக்கு வைத்தியம்.

“தாது கெட்டுப்போச்சு”, “மாத்திரையோட சூட்டுல இந்திரியம் வத்திப்போச்சு” என்று லயத்தில் பேசுவதில் உண்மை இல்லை. விந்து வற்றுவதில்லை. அது வெளியேறச் சொல்லும் நரம்புச் செய்தி தாமதமாகிறது, அவ்வளவுதான்.

படி 2: எந்த இடத்தில் தடை என்று எழுதுங்கள்

“அந்த விசயம் சரியில்ல” என்று சொன்னால் டொக்டருக்கு ஒன்றும் விளங்காது. ஆசை, விறைப்பு, உச்சம் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆசையே இல்லாதவருக்கு விறைப்பு மாத்திரை கொடுத்துப் பயனில்லை. விறைப்பு நன்றாக இருந்து விந்து வராதவருக்கும் அது பெரிதாக உதவாது.

டொக்டர்மார் பாவிக்கும் ஐந்து கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு, அரிசோனா அளவுகோல் என்பார்கள். வீட்டில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். கடந்த ஒரு வாரத்தை நினைத்து, ஆசை எவ்வளவு, தூண்டல் எவ்வளவு சுலபமாக வருகிறது, விறைப்பு வந்து நிற்பது எவ்வளவு சுலபம், உச்சம் எவ்வளவு சுலபம், உச்சம் திருப்தியாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை புள்ளி போடுங்கள். 1 என்றால் மிக நன்று, 6 என்றால் அறவே இல்லை. மொத்தம் 19 அல்லது அதற்கு மேல் வந்தாலோ, ஏதாவது ஒன்று 5க்குக் குறையாமல் இருந்தாலோ, ஏதாவது மூன்று 4க்குக் குறையாமல் இருந்தாலோ கவனிக்க வேண்டிய குறைபாடு என்று கணக்கு. திகதி போட்டு எழுதி வையுங்கள். வைத்தியம் மாற்றி நான்கு வாரம் கழித்து மறுபடி போட்டுப் பார்த்தால்தான் முன்னேற்றம் தெரியும். ஞாபகம் இந்த விசயத்தில் நம்பத்தக்கதல்ல, ஒரு மோசமான இரவு முழு மாதத்தையும் கறுப்பாக்கிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். விடியற்காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? இருந்தால் இரத்தக் குழாயும் நரம்பும் நன்றாகவே வேலை செய்கின்றன, தடை மாத்திரையிலோ பயத்திலோ இருக்கிறது. பல வாரமாகக் காலை விறைப்பும் அறவே இல்லை என்றால் சீனி, பிரஷர், ஹோர்மோன் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

படி 3: நீங்கள் குடிப்பது எது?

அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை கடதாசி உறையில் வரும், பெயர் கையெழுத்தில் கிறுக்கலாக இருக்கும். கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டு, பெயரையும் மி.கி. அளவையும் மருந்து கொடுக்கும் இடத்திலேயே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எல்லா மாத்திரையும் ஒரே அளவு தொல்லை தருவதில்லை. 2001இல் வெளியான, 1,022 பேரைக் கேட்ட ஸ்பானிய ஆய்வில் பாலியல் குறைபாடு சொன்னவர்கள் நூற்றுக்கு இத்தனை பேர்: சிட்டலோப்ராம் 73, பரொக்செடின் 71, வென்லாஃபக்சின் 67, செர்ட்ராலின் 63, ஃப்ளூஒக்செடின் 58, மிர்டாசபின் 24. முதல் ஐந்துக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள். கவனிக்க வேண்டியது கடைசி எண். ஃப்ளூஒக்செடினில் இருந்து செர்ட்ராலினுக்கு மாறினால் இந்தப் பிரச்சினை தீரும் என்று எதிர்பார்ப்பது வீண், வேறு குடும்பத்து மாத்திரைக்குப் போனால்தான் வாய்ப்பு.

அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய மாத்திரைகளும் விறைப்பையும் ஆசையையும் குறைக்கும். வாய் உலர்வு, மலச்சிக்கல், சிறுநீர் தடைபடுவது ஆகியவையும் சேர்ந்தே வரும். நித்திரைக்கோ கால் எரிச்சலுக்கோ 10 அல்லது 25 மி.கி. மட்டும் குடிப்பவருக்குத் தொல்லை குறைவு. க்ளோமிப்ரமின் உச்சத்தைத் தடுப்பதில் மிகக் கடினமானது.

படி 4: கூட்டாளிகளை விசாரியுங்கள்

நாற்பது தாண்டியவர் ஒருவர் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் குடிப்பது அபூர்வம். பிரஷருக்கு அட்டெனோலோல், ஹைட்ரோகுளோரோதயசைட், கைநடுக்கத்துக்கோ படபடப்புக்கோ ப்ரொப்ரனோலோல், ஈரலுக்கு ஸ்பைரோனோலக்டோன் என்று கூட ஏதாவது இருக்கும். இவை எல்லாமே விறைப்பைப் பாதிக்கக்கூடியவை. மனநல கிளினிக்கில் ரிஸ்பெரிடோனும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள். அது புரோலக்டின் என்ற ஹோர்மோனை ஏற்றி ஆசையை அடியோடு குறைக்கும், சில ஆண்களுக்கு மார்பு பெருக்கும். குற்றம் செர்ட்ராலின் மேல் விழும், செய்தது ரிஸ்பெரிடோன். உச்சம் வந்தும் விந்து வெளியே வராமல், பிறகு சிறுநீர் கலங்கலாகப் போனால் விந்து பின்னால் சிறுநீர்ப்பைக்குள் போகிறது என்று அர்த்தம். இதற்கு ரிஸ்பெரிடோனோ, புரொஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டம்சுலோசினோ காரணமாக இருக்கலாம்.

சம்பள நாள், அட்வான்ஸ் நாள் சாராயத்தையும் கசிப்பையும் இதில் சேர்க்காமல் இருக்க முடியாது. மதுசாரம் ஒரு இரவுக்கு ஆசையைக் கூட்டி விறைப்பைக் குறைக்கும். வருடக்கணக்கில் குடித்தால் நரம்பையும் ஈரலையும் டெஸ்டோஸ்டெரோனையும் சேர்த்துக் கெடுக்கும். மிர்டாசபினோ அமிட்ரிப்டிலினோ குடிப்பவர் அதன்மேல் சாராயம் போட்டால் மறுநாள் காலைப் பிரட்டுக்கு எழும்புவதே கஷ்டம். பீடி, சிகரெட் இரத்தக் குழாயை இறுக்கும்.

கேட்க வேண்டிய சோதனைகள்: வெறும் வயிற்றுச் சீனி, கொழுப்பு, பிரஷர், தைரொயிட், புரோலக்டின், காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டெரோன். டெஸ்டோஸ்டெரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், பின்னேரம் எடுத்த இரத்தத்தில் குறைவாகக் காட்டும். பதுளைக்கோ நுவரெலியாவுக்கோ தூரத்துத் தோட்டத்தில் இருந்து போகிறவர் இதற்காகவே முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிவரும்.

படி 5: டொக்டரிடம் சொல்வது

இந்த வழிகாட்டியிலேயே கஷ்டமான படி இதுதான். கிளினிக் அறையில் கதவு திறந்திருக்கும், வரிசை மூச்சு விடும் தூரத்தில் நிற்கும். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பவர் ஒரு உதவியாளராகவோ பக்கத்துத் தோட்டத்து ஆளாகவோ இருப்பார். இதைச் சொன்னால் அது பஸ்ஸுக்கு முன்னர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம் நியாயமானது.

அதற்கு எளிய வழி ஒரு துண்டு. முதல் நாள் இரவே ஒரு கடதாசியில் எழுதுங்கள்: மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய திகதி, பிரச்சினை தொடங்கிய திகதி, ஆசை, விறைப்பு, உச்சம் மூன்றில் எது, ஐந்து கேள்வியின் மொத்தப் புள்ளி. துண்டைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து டொக்டரின் கையில் நேரே கொடுங்கள். மாத்திரைப் பெயரும் எண்களும் எந்த மொழிக்காரருக்கும் விளங்கும்.

சிங்களத்தில் சொல்ல இரண்டு வசனம் போதும். “தனியம கதா கரன்ன புளுவன்த?” என்றால் தனியாகப் பேசலாமா என்று அர்த்தம். “மே பெஹெத் பொன்ன பட்டன்கத்தாட்ட பஸ்ஸே லிங்கிக பிரஷ்னயக் தியெனவா” என்றால் இந்த மருந்து குடிக்கத் தொடங்கிய பிறகு பாலியல் பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தம். இதைக் கேட்டு எந்த டொக்டரும் சிரிக்கமாட்டார். அவருக்கு இது மருந்துப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கும் பக்கவிளைவு.

தமிழில் என்றால் சுற்றி வளைக்காதீர்கள். “சேர், மாத்திரை நல்லா வேல செய்யுது, நித்திரை வருது. ஆனா குடும்பத்தோட இருக்கையில கடைசி வரைக்கும் வர மாட்டேங்குது. மாத்திரைய நிப்பாட்ட விருப்பமில்ல, வேற வழி இருக்கா?” இந்த வரிசை முக்கியம். நன்மையை முதலில் சொன்னால், நீங்கள் மருந்தை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை என்பது டொக்டருக்கு விளங்கும்.

மனைவியைக் கூட்டிப் போவது நல்லது, கட்டாயமில்லை. ஆனால் வீட்டில் அவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். காரணம் தெரியாத மனைவி தன் மேல் பிடிப்புப் போய்விட்டதென்றோ வேறு தொடுப்பு இருக்கிறதென்றோதான் நினைப்பார். மாத்திரை உறையைக் காட்டி, “இதனால வாறது, டொக்டர் கிட்ட கேக்கப் போறன்” என்று ஒரு வசனம் சொன்னால் மாதக்கணக்கான சண்டை நின்றுவிடும்.

படி 6: டொக்டர் செய்யக்கூடியவை

காத்திருப்பது முதல் வழி. உடம்பு பழகி ஒருசில மாதத்தில் குறைவது சிலருக்கு நடக்கும். எல்லோருக்கும் நடக்காது. இலேசான தாமதம் மட்டும் உள்ளவர் சில வாரம் பார்க்கலாம். அறவே உச்சம் வராத ஒருவரை ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது அநியாயம்.

அளவைக் குறைப்பது இரண்டாவது. இந்தப் பக்கவிளைவு பெரும்பாலும் அளவோடு கூடிக் குறையும். செர்ட்ராலின் 100 மி.கி. குடித்து நன்றாகத் தேறியவருக்கு டொக்டர் 75க்கும் பிறகு 50க்கும் இறக்கலாம், ஒவ்வொரு இறக்கத்துக்கும் இடையே இரண்டு முதல் நான்கு வாரம் விட்டு. 50 மி.கி. மாத்திரையைப் பாதியாக உடைக்கலாம். ஃப்ளூஒக்செடின் 20 மி.கி. கெப்சியூலை அப்படி உடைக்க முடியாது. அதைக் குறைக்கும் முறையை டொக்டர்தான் சொல்ல வேண்டும். இறக்கியபின் நித்திரை கெடுகிறதா, அழுகை வருகிறதா, வேலைக்குப் போக மனம் வரவில்லையா என்று மனைவியும் கவனிக்க வேண்டும். மனச்சோர்வு திரும்பினால் ஆசையும் அதோடு போய்விடும்.

மாத்திரை குடிக்கும் நேரத்தை மாற்றுவது பற்றி நிறையப் பேசுவார்கள். செர்ட்ராலின் குடித்து நான்கரை முதல் எட்டரை மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் உச்ச அளவை எட்டும். இரவு ஏழு மணிக்குக் குடித்தால் உச்சம் நடுச்சாமத்தில், காலை ஆறு மணிக்குக் குடித்தால் மதியத்தில். இரவில் உறவு வைப்பவர் காலையில் குடிப்பது தர்க்கப்படி சரி. ஆனால் ஒரு நாளில் பாதி அளவுதான் உடம்பை விட்டுப் போகும் மாத்திரை இது, அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். செலவில்லாத முயற்சி, அவ்வளவே.

சனி ஞாயிறு “லீவு” விடுவது இன்னொன்று. 1995இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், வியாழன் காலை குடித்தபின் ஞாயிறு மதியம் வரை நிறுத்தியபோது செர்ட்ராலின், பரொக்செடின் பாவித்தவர்களுக்கு நன்மை தெரிந்தது, ஃப்ளூஒக்செடின்காரருக்குத் தெரியவில்லை. காரணம் சுலபம். ஃப்ளூஒக்செடினும் அது உடைந்து உண்டாகும் பொருளும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும், இரண்டு நாள் நிறுத்தினால் அதற்குத் தெரியவே தெரியாது. பரொக்செடினில் இதைச் செய்தால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரும். வென்லாஃபக்சினில் இன்னும் மோசம், ஒரு வேளை தவறினாலே தெரியும். இந்த முறையை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. சனிக்கிழமை நிறுத்தியவர் திங்களும் மறந்துவிடுவார், பழக்கம் அப்படித்தான் அறுந்துபோகும்.

மாத்திரையை மாற்றுவதுதான் பலருக்குச் சரியான பதில். மிர்டாசபின் இரவில் 15 மி.கி. தொடங்கி 30க்கு ஏற்றுவார்கள். பாலியல் தொல்லை குறைவு, நித்திரை நன்றாக வரும், ஆனால் பசி கூடி உடம்பு போடும். சீனிக்காரர் யோசித்துச் செய்ய வேண்டும். பியூப்ரொபியோன் இந்த விசயத்தில் மிகவும் நல்ல பெயர் எடுத்தது. செரடோனினைத் தொடாமல் டோபமின் பக்கம் வேலை செய்கிறது. ஆனால் வலிப்பு இருந்தவருக்கும், தினமும் நிறையக் குடித்துத் திடீரென்று குடியை நிறுத்துபவருக்கும் அது ஆபத்து. வோர்டியோக்செடின், அகோமெலடின் என்பவையும் தொல்லை குறைந்தவை. இவற்றில் சில டவுன் பார்மசியில் காசு கொடுத்து வாங்க வேண்டியவையாக இருக்கலாம். மாதாமாதம் வாங்க முடியுமா என்பதைக் கூச்சப்படாமல் முதலிலேயே பேசுங்கள். இரண்டு மாதம் வாங்கி மூன்றாவது மாதம் நின்றுபோகும் மாத்திரையைத் தொடங்காமல் இருப்பதே மேல். மாற்றும் முறையும் டொக்டருடையது. பழையதை மெல்லக் குறைத்துப் புதியதை மெல்ல ஏற்றுவார். அந்த இரண்டு மூன்று வாரம் மனம் ஆடும். கவ்வாத்துக் கத்தியோடு சரிவில் நிற்பவரும், வளைவுப் பாதையில் ஆட்டோ ஓட்டுபவரும் அந்த நாட்களில் நிதானமாக இருக்க வேண்டும்.

படி 7: விறைப்புக்கான மாத்திரை, முறையாக

விறைப்பு மட்டும்தான் பிரச்சினை, மனச்சோர்வு மாத்திரையோ அருமையாக வேலை செய்கிறது என்றால், அதை மாற்றாமலே சில்டெனஃபில் சேர்க்கலாம். மனச்சோர்வு மாத்திரையால் பாலியல் குறைபாடு வந்த 90 ஆண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், சில்டெனஃபில் குடித்தவர்களில் 54.5 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம், வெற்று மாத்திரை குடித்தவர்களில் 4.4 சதவீதத்தினருக்கு மட்டும்.

முதலில் நெஞ்சு. நாக்குக்கு அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரையோ, ஐசோசோர்பைட் என்று தொடங்கும் எந்த நெஞ்சு மாத்திரையோ பாவிப்பவர் சில்டெனஃபிலைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய் உயிர் போகலாம். சில்டெனஃபில் குடித்தபின் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், குடித்ததை மறைக்காதீர்கள். 24 மணித்தியாலத்துக்கு ஜிடிஎன் கொடுக்கக் கூடாது, டடலாஃபில் என்றால் 48 மணித்தியாலம். புரொஸ்டேட்டுக்கோ பிரஷருக்கோ டம்சுலோசின், ப்ரசோசின் பாவிப்பவரும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டு மாடிப் படியை வேகமாக ஏறினால் நெஞ்சு இறுகாதவருக்கு உறவு வைக்க இதயம் தாங்கும் என்பது பொது அளவுகோல். கீழ் மலையில் இருந்து லயத்துக்கு ஏறும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் முதலில் இதய டொக்டரிடம் போகட்டும்.

தொடக்க அளவு வழக்கமாக 50 மி.கி. 65 வயது தாண்டியவருக்கும் ஈரல், சிறுநீரக நோய் உள்ளவருக்கும் 25. எரித்ரோமைசின் போன்ற மருந்தும், ஃப்ளூவொக்சமினும் அதன் அளவை உடம்பில் கூட்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், அதிகபட்சம் 100.

எடுபடாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பாவிக்கும் முறைதான். உறவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் குடிக்க வேண்டும். எண்ணெய் மிதக்கும் இறைச்சிக் கறியும் ரொட்டியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் வேலை தொடங்க இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தும். பிள்ளைகள் ஒன்பது மணிக்குத் தூங்குவார்கள் என்றால் எட்டு மணிக்குக் குடித்து, சாப்பாட்டை இலேசாக வைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தால் தானாக எதுவும் நடக்காது. தொடுதலும் ஆசையும் இருந்தால்தான் அது இரத்த ஓட்டத்துக்கு உதவும். முதல் தடவை எடுபடாவிட்டால் கைவிடாதீர்கள், சரியான அளவில் ஐந்தாறு தடவை பார்த்தபின்தான் முடிவு சொல்லலாம். தலைவலி, முகம் சிவந்து சுடுவது, மூக்கடைப்பு, சற்று நீலமாகத் தெரிவது சகஜம். திடீரென்று கண் பார்வையோ காது கேட்பதோ மங்கினால் நிறுத்தி உடனே போக வேண்டும்.

டடலாஃபில் 10 அல்லது 20 மி.கி. 36 மணித்தியாலம் வரை உதவும். பிள்ளைகள் தூங்கும் நேரம் நிச்சயமில்லாத வீட்டுக்கு இது பொருத்தம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பஸ் ஸ்டாண்டிலும் திருவிழாக் கடையிலும் விற்கும் “ஆண்மைச் சூரணம்” வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் அளவு தெரியாத சில்டெனஃபில் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மதன மோதகத்தில் கஞ்சா சேரும், மனச்சோர்வுக்காரருக்கு அது நெருப்பில் எண்ணெய். நேரத்தைக் கூட்டுமென்று ஆள் சொல்லும் ட்ரமடோல் என்ற வலி மாத்திரையை செர்ட்ராலினோடு சேர்த்தால் வலிப்பும், நடுக்கம், காய்ச்சல், குழப்பத்தோடு வரும் செரடோனின் நச்சுநிலையும் உண்டாகலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருமும் இடத்தில், மாத்திரை இல்லாமலே மனுசனுக்கு அவசரம் வரும். மாத்திரையோ நேரத்தை இழுக்கும். அவசரமும் தாமதமும் மோதும் இடத்தில் ஆண் தோற்றதாக நினைத்துக்கொள்கிறான். பிள்ளைகள் பள்ளிக்குப் போன, வேலையில்லாத காலை நேரம் களைத்த இரவைவிடப் பல மடங்கு நல்லது. அப்போது மதுவும் இருக்காது, உடம்பும் ஓய்வாக இருக்கும்.

விந்து வர நேரமெடுப்பவர் அரை மணித்தியாலத்துக்கு மேல் முயன்றுகொண்டே இருக்கக் கூடாது. மனைவிக்கு வலிக்கும், அடுத்த தடவை இருவருக்குமே பயம் வந்துவிடும். பார்மசியில் விற்கும் தண்ணீர் சேர்ந்த வழுக்கு ஜெல்லைப் பாவியுங்கள், தேங்காய் எண்ணெய் ஆணுறையைக் கெடுக்கும். இரண்டு மூன்று வாரம் “இன்றைக்கு முடிக்கத் தேவையில்லை” என்று இருவரும் பேசி வைத்து, தொடுவதோடு நிறுத்திப் பாருங்கள். பரீட்சை பயம் போனால் பாதி விறைப்பு தானாக வரும். குழந்தைக்காக முயல்பவர்கள் இதை டொக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், அவர்களுக்கு மாத்திரையை மாற்றும் முடிவைச் சீக்கிரம் எடுப்பார்கள்.

எது பிழையாகப் போகும், எப்போது ஓட வேண்டும்

திடீரென்று நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு நாளில் தலைச்சுற்று, குமட்டல், எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள் கரண்ட் அடித்தது போன்ற வெட்டு வரும். பரொக்செடினிலும் வென்லாஃபக்சினிலும் கடுமையாக, ஃப்ளூஒக்செடினில் மெதுவாக. அதைவிடப் பெரியது, வாரங்கள் கழித்து மனச்சோர்வு திரும்பி வருவது. முதல் தடவை மனச்சோர்வு வந்தவர் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் குடிக்க வேண்டும், திரும்பத் திரும்ப வந்தவர் இரண்டு வருடம் அல்லது மேல்.

நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இறங்காத, வலிக்கும் விறைப்பு வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். உறுப்பு நிரந்தரமாகக் கெட்டுவிடும். நித்திரைக்குக் கொடுக்கும் ட்ரசோடோனும் இதைச் செய்யக்கூடியது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் எந்த நேரமும் 1926க்கு அடியுங்கள், தேசிய மனநல உதவி எண் அது. அமிட்ரிப்டிலின் அதிகம் விழுங்கினால் இதயத்தை நிறுத்தும், அதனால் அந்த உறையையும் களைநாசினிப் போத்தலையும் வீட்டில் வேறொருவர் பூட்டி வைத்திருக்கட்டும்.

மாத்திரையை முறைப்படி நிறுத்திய பெரும்பாலோருக்குச் சில நாள் முதல் சில வாரத்தில் எல்லாம் பழையபடி வந்துவிடும். சிலருக்கு உணர்ச்சிக் குறைவும் உச்சமின்மையும் நிறுத்திய பிறகும் நீடித்திருக்கின்றன. 2019இல் ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் இதை மருந்துத் தகவல் தாளில் எச்சரிக்கையாகச் சேர்க்கச் சொன்னது. நிறுத்தி மூன்று மாதம் ஆகியும் திரும்பவில்லை என்றால் அதைக் கற்பனை என்று யாரும் தள்ளிவிட விடாதீர்கள். கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக மாத்திரைக் கணக்கு. கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத்தான் கொடுப்பார்கள். மழைக்கு மண் சரிந்து பாதை மூடினாலும், பஸ் ஓடாவிட்டாலும் மாதம் முடிந்தால் உறை காலிதான். ஏழு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த கிளினிக் திகதியைப் பாருங்கள். போக முடியாது என்று தெரிந்தால் கொப்பியைக் கொடுத்து மனைவியையோ மகனையோ அனுப்ப முடியுமா என்று முந்திய கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள்.